கோபத்தைச் சொல்லுங்கள், வசை வேண்டாம்

(தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டு ரசிகருக்குக் கோபம் வருவது இயற்கை. அந்தக் கோபத்தை நிர்வாகத்திடம் எப்படிச் சொல்வது என்பதே இன்றைய பேச்சு. இதற்கு உங்களை அமெரிக்காவுக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே பல்கலைக்கழக விளையாட்டு ஒரு தனி உலகம். மிச்சிகன் பல்கலைக்கழகக் காற்பந்து அரங்கில் 1 லட்சத்து 7 ஆயிரம் பேருக்கு மேல் அமரலாம். காற்பந்து என்று அவர்கள் சொல்வது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் காற்பந்தை. பயிற்றுநர் நியமனம், நுழைவுச்சீட்டு, வரவு செலவு என்று எல்லாவற்றையும் கவனிக்க அங்கே விளையாட்டுத் துறை என்று ஒன்று தனியாக இருக்கிறது.

2014 டிசம்பர் 2ஆம் தேதி, பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகம் தன் காற்பந்துக் குழுவைக் கலைப்பதாக அறிவித்தது. குழு மோசமாக ஆடியதா என்றால் இல்லை. அந்தப் பருவத்தில் 12 ஆட்டங்களில் 6 வெற்றி கண்ட குழு அது. செலவு தாங்காது என்பதே நிர்வாகம் சொன்ன காரணம். அன்று பல்கலைக்கழகத் தலைவர் ரே வாட்ஸ் காவலர் பாதுகாப்போடுதான் வெளியே வர வேண்டியிருந்தது. சுற்றிலும் அவ்வளவு ஆத்திரம், அவ்வளவு கூச்சல். ஆனால் அன்றைய கூச்சலால் முடிவு மாறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நிர்வாகம் ஓர் ஆய்வறிக்கையைக் காட்டித்தான் குழுவைக் கலைத்தது. "அந்தக் கணக்குச் சரிதானா?" என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். வேறொரு நிறுவனம் கணக்கை மறுபடியும் ஆராய்ந்து, முதல் அறிக்கையோடு மாறுபட்டது. பேராசிரியர்களின் பேரவை தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானம் போட்டது. ஆதரவாளர்கள் வெறும் கோரிக்கையோடு நிற்கவில்லை. சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் தருவதாக உறுதி கொடுத்தார்கள். நகர மன்றமும் கை கொடுத்தது. 2015 ஜூன் 1ஆம் தேதி, அதே ரே வாட்ஸ் காற்பந்து திரும்பி வரும் என்று அறிவித்தார். 2017இல் குழு மீண்டும் களம் இறங்கியபோது முதல் ஆட்டத்துக்கு 45 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2018இல் அந்தக் குழு தன் லீக்கின் வெற்றியாளர்!

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலும் இதே கதைதான். 2020 ஜூலையில் 11 விளையாட்டுகளை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். முன்னாள் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டினார்கள், பேச்சு நடத்தினார்கள், சிலர் நீதிமன்றமும் சென்றார்கள். 2021 மே மாதம் முடிவு கைவிடப்பட்டது.

மரியாதை என்றால் பணிந்து போவது என்று சிலர் நினைக்கிறார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் பணிவா? வழக்குத் தொடுப்பது பணிவா? கடுமையான எதிர்ப்புத்தான். ஆனாலும் அது செயலை எதிர்த்தது, மறுமொழி சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்டது. "உன் கணக்குத் தவறு" என்றால் கணக்கைக் காட்டியே தீர வேண்டும். "நீ மடையன்" என்றால் கடிதத்தைக் குப்பையில் போட்டால் போதும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. பந்தயத்தில் பணம் இழந்தவர்கள், ஆடிய மாணவருக்கே வசைச் செய்தி அனுப்புகிறார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் சார்லி பேக்கர், தனிப்பட்ட மாணவர் ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவதைத் தடை செய்யுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டார். ஒஹாயோ மாநிலம் அதற்கு முன்பே தடை செய்திருந்தது. பெரும்பாலும் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள். மறுநாள் காலையில் வகுப்புக்குப் போக வேண்டியவர்கள்.

ஆகவே, நேயர்களே, எழுதுவதற்கு முன் சிலவற்றை மனத்தில் கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டுக் குறை என்றால் நுழைவுச்சீட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். கொள்கை முடிவு என்றால் துறை இயக்குநருக்கு எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் போதும். உங்கள் பெயரைப் போடுங்கள், எத்தனை ஆண்டு ரசிகர் என்பதைச் சொல்லுங்கள். என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் எழுதுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஆவணங்களைக் கேட்டுப் பெற அங்கே மாநிலச் சட்டங்கள் உண்டு, சந்தேகத்தைப் பரப்புவதற்கு முன் அதைப் பயன்படுத்தலாம். தோற்ற இரவில் எழுதியதை மறுநாள் காலையில் படித்துப் பார்த்து அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை முதலில் பிரிப்பவர், அந்த முடிவில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு சாதாரண ஊழியராக இருக்கலாம். குறை தீர்ந்தால் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததும் நின்று படிப்பார்கள்.

இது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பாடமன்று. நம் பிள்ளைகள் ஆடும் பள்ளிக் குழுவானாலும், நாம் ஆதரிக்கும் மாநிலக் குழுவானாலும் இதே முறைதான். குழு நம்முடையது என்றால், அதன் நிர்வாகத்திடம் பேசும் பேச்சும் நம் தரத்தைக் காட்ட வேண்டும்.