கப்பலை இப்போது செலுத்துவது யார்?

உல்லாசப் பயணக் கப்பல்களிலே ஒரு வழக்கம் உண்டு. துறைமுகம் எதனையும் தொடாது, பொழுது முழுவதும் நடுக்கடலிலேயே கழியும் ஒரு நாளில், பயணிகளைக் கப்பலின் அரங்கிலே கூட்டிவைத்துக் கப்டன் அவர்கள்முன் தோன்றுவார். தோளிலே நான்கு பொற்பட்டைகள் தாங்கிய அவரிடம் எவரும் எதனையும் கேட்கலாம். கேட்கவும் செய்கின்றனர்.

பணியாளர்கள் இரவில் உறங்குவதும் இக்கப்பலிலே தானா? விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நாம் இப்போது கடல்மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம்? இத்தகைய கேள்விகளைக் கப்டன்மார் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பது உண்டு. மின்சாரத்தைக் கப்பல் தானே உண்டாக்கிக் கொள்கிறது. குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர் கீழ்த்தட்டுகளில் உண்டு உறங்கி வாழ்கின்றனர். இவ்வளவும் சொல்லி முடிந்தபின் எவரேனும் எழுந்து, “நீங்கள் இங்கே நிற்கிறீர்களே, கப்பலை இப்போது செலுத்துவது யார்?” என்று கேட்பார். அரங்கம் முழுவதும் நகைக்கும். ஆனால், அன்று கேட்கப்பட்டவற்றுள் நகைப்புக்கு இடமே இல்லாத கேள்வி அதுதான்.

பழந்தமிழர் மீகாமன் என்றனர். நம் வடகரையோர ஊர்களிலே தண்டையல் என்றனர். பாய்மரத் தோணியின் தண்டையல் சுக்கானைத் தம் கையாலேயே பிடித்திருக்கக்கூடும். இன்றைய கப்டன் அவ்வாறு பிடிப்பவர் அல்லர். ‘பிரிட்ஜ்’ எனப்படும் உயர்ந்த மேடையறையில் இரவும் பகலும் காவல் முறை நடைபெறுகிறது. நான்கு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு. பின்னர் மீண்டும் நான்கு மணி நேரம். இம்முறையில் அதிகாரிகள் மாறிமாறி வருகின்றனர். குறித்த திசையிலே கப்பலை ஓட்டிச் செல்லும் தானியங்கிக் கருவி இருக்கின்றது. பிற கப்பல்களைக் காட்டும் ரேடார் இருக்கின்றது. இருந்தபோதிலும் கண்ணாலும் காதாலும் கடலை எந்நேரமும் கவனித்தல் வேண்டும் என்று 1972ஆம் ஆண்டின் அனைத்துலக மோதல் தடுப்பு விதிகள் கட்டளையிடுகின்றன. எத்தனை கருவிகள் வந்தாலும் விழித்திருக்கும் ஒரு சோடிக் கண்களுக்கு அவ்விதியிலிருந்து இன்றுவரை விடுதலை கிடைக்கவில்லை.

அப்படியாயின் கப்டனுக்கு வேலை யாது? அவருக்கெனத் தனிக்காவல் நேரம் பெரும்பாலும் இல்லை. ஆகவே எல்லா நேரமும் அவருடையதே. உறங்கச் செல்லுமுன் அவர் இரவுக் கட்டளைப் புத்தகத்தில் அன்றிரவுக்குரிய கட்டளைகளை எழுதுகிறார்: எந்தப் பாதை, எந்த வேகம், எத்தகைய காற்றை எதிர்பார்த்தல் வேண்டும், எந்தக் கப்பலையும் எவ்வளவு தூரத்துக்கு உள்ளே நெருங்க விடலாகாது என்பன. காவலுக்கு வரும் ஒவ்வோர் அதிகாரியும் அதனை வாசித்துக் கையொப்பமிடுகிறார். ஐயம் தோன்றினால் எந்த நேரமாயினும் தம்மை எழுப்புக என்பது அப்புத்தகத்திலே தவறாது இடம்பெறும் கட்டளை. இளம் அதிகாரி ஒருவர் நள்ளிரவு இரண்டு மணிக்குத் தேவையின்றி எழுப்பிவிட்டால் முகஞ்சுளியாத கப்டனே நல்ல கப்டன். ஒருமுறை கடிந்துகொண்டால் அடுத்தமுறை அந்த இளைஞர் தயங்குவார். அந்தத் தயக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். அவருடைய உறைவிடம் பிரிட்ஜுக்கு அருகிலேயே அமைந்திருப்பதற்கும் காரணம் இதுவே. பயணிகள் எண்ணுவது போல நல்ல காட்சிக்காக அன்று.

மூடுபனி, நெருக்கமான கப்பற்பாதை, ஒடுங்கிய நீரிணை, துறைமுகம் புகுதல், புறப்படுதல் ஆகிய வேளைகளில் அவர் நேரிலே நிற்பார். இக்காலத்துப் பெரிய கப்பல்கள் பலவற்றிலே சுக்கான் சக்கரம் மோட்டார் வண்டியில் இருப்பதைவிடப் பெரியதன்று. கப்பலின் பின்னடியிலே தொங்கும் உந்திகள் எத்திசையிலும் முழு வட்டமாகத் திரும்ப வல்லன. முன்புறத்திலே பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் வேறு உள்ளன. கப்டன் பிரிட்ஜின் ஓரத்துச் சிறகிலே நின்று, கீழே கற்சுவரைப் பார்த்தவாறு, விரலளவான நெம்புகோல்களை அசைத்துக் கப்பலைத் துறையிலே அணைக்கிறார். 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் நீளம் 269 மீற்றர். 2024 ஜனவரியில் முதற்பயணம் புறப்பட்ட ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பலின் நீளம் 365 மீற்றர். அதில் 7,600 பயணிகள்வரை ஏறலாம். அத்தனை பெரிய உருவம் அந்தச் சிறு நெம்புகோலுக்கு இசைந்து பக்கவாட்டில் நகர்வதைக் காண்பது ஒரு காட்சிதான்.

துறைமுகத்தை அணுகும்போது உள்ளூர் நீரோட்டத்தையும் ஆழத்தையும் அறிந்த ‘பைலட்’ என்னும் வழிகாட்டி ஒரு சிறு படகிலே வந்து, கப்பலின் பக்கத்தே தொங்கும் ஏணியைப் பற்றி ஏறுவார். கொழும்பு அலைதடுப்புக்கு வெளியேயும் அப்படகைக் காணலாம். அவர் வந்து ஏறியதும் பொறுப்பு அவர் தலையிலே என்று பயணிகள் எண்ணுவது இயல்பு. அது சரியன்று. வழிகாட்டி வழிகாட்டுகிறார், பொறுப்பு கப்டனிடமே தங்கிவிடுகிறது. பனாமாக் கால்வாய் இதற்குப் பெயர்பெற்ற விலக்கு. அங்கே கப்பலின் ஓட்டத்தைக் கால்வாயின் வழிகாட்டியே தம் ஆணையின்கீழ் எடுத்துக்கொள்கிறார்.

இனி, வழக்கமாக வரும் மற்றைய கேள்விகள். கப்டனாவதற்கு எத்தனை காலம்? கடற்பயிலுநராகத் தொடங்கி, மூன்றாம், இரண்டாம், முதலாம் அதிகாரியாக உயர்ந்து, ஒவ்வொரு படியிலும் தேர்வெழுதிக் கப்டன் தொப்பியை அணிய ஏறத்தாழப் பதினைந்து இருபது ஆண்டுகள் செல்லும். பெண்கள் உண்டா? உண்டு. சுவீடனைச் சேர்ந்த காரின் ஸ்டார் யான்சன் 2007இல் ‘மொனார்க் ஒவ் த சீஸ்’ என்னும் பெருங்கப்பலின் கப்டனானார். பின்னர் வேறு பலரும் அப்பதவியை அடைந்தனர். கடல்நோய் வருமா? வரும். பிரித்தானியக் கடற்படைத் தலைவர் நெல்சனே வாழ்நாள் முழுவதும் கடல்நோயால் வருந்தியவர். கப்டன் திருமணம் செய்து வைக்கலாமா? அது கப்பல் எந்த நாட்டில் பதிவுபெற்றது என்பதைப் பொறுத்தது; பிரித்தானியச் சட்டம் அதற்கு இடமளிப்பதில்லை. கியூனார்ட் கம்பனி தன் கப்பல்களின் பதிவை 2011இல் சவுத்தாம்டனிலிருந்து பெர்மியூடாத் தீவின் ஹமில்டனுக்கு மாற்றியதற்குத் திருமணங்களை நடத்தும் உரிமையும் ஒரு காரணம். சம்பளம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பெரும்பாலான கப்டன்மார் புன்னகையே விடையாகத் தருவர்.

கோபத்தோடு கேட்கப்படும் கேள்வியும் ஒன்றுண்டு. “நேற்று அந்தத் தீவை ஏன் தவிர்த்தீர்கள்? வானம் தெளிவாகத்தானே இருந்தது!” எனப் பயணி கேட்பார். ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து வந்தவர் அவர். அவர் கோபம் நியாயமானதே. ஆனால் இக்கப்பல்களின் பக்கங்கள் பன்னிரண்டு பதினைந்து மாடிக் கட்டிடத்தின் சுவர் போன்றவை. காற்று அவற்றைப் பாய்போலப் பற்றுகிறது. வெயில் காயும் ஒரு நாளிலும் காற்று வலுத்து வீசுமாயின் ஒடுங்கிய துறைவாயிலில் நுழைவது பேராபத்தாகும். ஒரு துறையைத் தவிர்த்தால் கம்பனிக்கு நட்டம், பயணிகளுக்கு ஏமாற்றம், கப்டனுக்கு வசை. தவிர்த்தமையால் நேராமற்போன விபத்தை ஒருவரும் காண்பதில்லை. ஆதலினால் சட்டம் ஓர் அரணை எழுப்பியிருக்கிறது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான அனைத்துலக உடன்படிக்கை டைட்டானிக் அழிவின் பின்னர் 1914இல் முதன்முதல் வகுக்கப்பட்டது. இன்று நடைமுறையில் உள்ளது 1974ஆம் ஆண்டினது. பாதுகாப்புக்கு அவசியம் எனக் கப்டன் தம் தொழிலறிவால் கருதி எடுக்கும் முடிவைக் கப்பற்சொந்தக்காரரோ, வாடகைக்கு அமர்த்தியவரோ, வேறெவரோ தடுத்தலாகாது என்று அது விதிக்கின்றது. இத்தகைய அதிகாரத்தைச் சட்டமே கையளித்திருக்கும் தொழில்கள் கரையிலே மிகச் சில.

அதிகாரம் இவ்வளவு பெரிதாயின் அதன் மறுபக்கம் என்ன? கப்பல் மூழ்கினால் கப்டனும் அதனோடு மூழ்க வேண்டுமா என்று சிறுவர்கள் கேட்பர். பெரியோர் கேட்க நினைத்து அடக்கிக்கொள்வர். அவ்வாறு மூழ்க வேண்டுமென்று சட்டம் இல்லை. டைட்டானிக்கின் கப்டன் எட்வேர்ட் ஸ்மித் கப்பலோடு மறைந்தார். அதனால் அம்மரபு உலகெங்கும் பேசப்பட்டது. உண்மையிலே தேவைப்படுவது கப்டனின் மரணம் அன்று. மற்றையோர் இறங்கும்வரை அவர் அங்கிருந்து கட்டளையிடுவதே. 1956 ஜூலையில் ‘அந்திரியா டோரியா’ என்னும் இத்தாலியக் கப்பல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் வேறொரு கப்பலுடன் மோதிச் சரிந்தபோது, பயணிகள் யாவரும் இறங்கிய பின்னரும் கப்டன் பியரோ கலமாய் இறங்க மறுத்தார். அவருடைய அதிகாரிகளே அவரை வற்புறுத்திப் படகில் ஏற்றவேண்டியதாயிற்று.

இதற்கு மாறானவையும் நிகழ்ந்துள்ளன. 1991 ஆகஸ்டில் தென்னாபிரிக்கக் கரையோரத்திலே ‘ஓசியானோஸ்’ என்னும் பயணக் கப்பல் புயலிலே நீர் புகுந்து மூழ்கத் தொடங்கியது. கப்டன், பயணிகள் பலர் கப்பலில் இருக்கவே வெளியேறிவிட்டார். கப்பலிலே பாட்டுக் கச்சேரி செய்ய வந்த மொஸ் ஹில்ஸ் என்னும் கிற்றார்க் கலைஞர் பிரிட்ஜுக்குச் சென்று பார்த்தபோது அங்கே அதிகாரிகள் எவரும் இல்லை. அவரே வானொலிக் கருவியை எடுத்து உதவி கோரினார். மறுமுனையிலே அவர் பதவி யாது என வினவியபோது, தாம் ஒரு கிற்றார் வாசிப்பவர் என்றார். அவரும் உடனிருந்த கலைஞர்களும் பயணிகளை ஹெலிகொப்டர்களில் ஏற்றிவிட உழைத்தனர். கப்பலிலிருந்த 571 பேரும் உயிர்தப்பினர்.

2012 ஜனவரி 13ஆம் நாளிரவு அவ்வளவு நன்றாக முடியவில்லை. ‘கொஸ்தா கொன்கோர்டியா’ 4,200க்கும் மேற்பட்டோரைச் சுமந்து இத்தாலிக் கரையோரத்தே சென்றது. ஜிக்லியோ என்னும் தீவுக்கு வணக்கம் தெரிவிப்பதுபோல் மிக அணித்தே செல்லக் கப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ வழியை மாற்றினார். பாறை கப்பலின் பக்கத்தை 50 மீற்றருக்கு மேல் கிழித்தது. அதன்பின் ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தல், மின்சாரக் கோளாறு என்றும், நிலைமை கட்டுக்குள் இருக்கிறது என்றும் சொல்லிற்று. கப்பலைக் கைவிடும் ஆணை பிறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதற்குள் கப்பல் சரிந்து, ஒரு பக்கத்துப் படகுகளை இறக்குவது அரிதாயிற்று. நூற்றுக்கணக்கானோர் இன்னும் கப்பலில் இருக்கையிலே கப்டன் கரையேறினார். மீண்டும் கப்பலுக்குச் செல்லுமாறு கரையோரக் காவலதிகாரி தொலைபேசியில் அவரை அதட்டிய குரலை உலகமே பின்னர் கேட்டது. 32 பேர் இறந்தனர். 2015இல் கப்டனுக்குப் 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, 2017இல் உறுதியாயிற்று.

அன்று மாலை ஏறிய பயணிகள் ஏறத்தாழ 700 பேருக்கு அபாயப் பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அந்நாளைய விதி. 2015 ஜனவரி முதல், கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே நடத்துதல் வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. மிதவை அங்கியோடும் சலிப்போடும் படகடியில் இன்று வரிசையாய் நிற்கும் பயணிகளிற் பலர், தங்களை அங்கே நிறுத்தியது எந்த இரவு என்று அறியார்.

ஸ்கெட்டினோவின் நாட்டவரே இன்னொரு கப்டன். ஜென்னாரோ ஆர்மா என்பது அவர் பெயர். ‘டயமண்ட் பிரின்சஸ்’ அவருடைய கப்பல். 2020 பெப்ரவரியின் தொடக்கத்திலே 3,711 பேருடன் அது யப்பானின் யோக்கொஹாமாவை அடைந்தபோது, முன்னரே ஹொங்கொங்கில் இறங்கிச் சென்ற பயணி ஒருவருக்குக் கொரோனாத் தொற்று இருந்தமை தெரியவந்தது. கப்பல் தனிமைப்படுத்தப்பட்டது. பயணிகள் அறைகளுக்குள்ளே அடைபட்டனர். அவர்களுட் சிலருடைய அறைகளுக்குச் சாளரமே இல்லை. நாள்தோறும் தொற்றியோர் தொகை ஏறி, எழுநூற்றைக் கடந்தது. அந்நாட்களிலே அம்மனிதர்களுக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த தொடர்பு பெரும்பாலும் ஒரு குரல்தான். கப்டன் தாமே ஒலிபெருக்கியில் நாள்தோறும் பேசினார். என்ன நடந்தது, எத்தனை பேருக்கு நோய், அடுத்து என்ன என்பவற்றைச் சொன்னார். இடையிடையே தேறுதலும் சொன்னார். பயணிகள் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தனர் என்பர். வானொலி முன்னமர்ந்து செய்திக்குக் காத்திருந்து பழகிய நேயர்களுக்கு அந்தக் காத்திருப்பை விளக்க வேண்டுவதில்லை.

பயணிகள் கரைசேர்ந்தனர், பின்னர் பணியாளர் இறங்கினர். 2020 மார்ச் முதலாம் நாள், எல்லோருக்கும் பின்னே, முகமூடி அணிந்த கப்டன் ஆர்மா தனியே ஏணிப்படியால் இறங்கி வந்தார்.