பழங்கயிற்றில் கால்மிதி

(ஊராட்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

கவலை இறைத்த காலத்தில் வடக்கயிறு இல்லாத உழவர் வீடு இல்லை. இன்று மின்சாரப் பம்பு வந்துவிட்டது. எனினும் மாடு கட்டவும், வைக்கோல் பாரம் ஏற்றவும், பந்தல் போடவும் நமக்குக் கயிறு வேண்டியிருக்கிறது. கயிறு நைந்த பின்னரும், "இன்னும் ஒரு முறை தாங்கும்" என்று அதையே நம்பிப் பாரம் கட்டுகிறோம். கிணற்றிலும் ஆளை இறக்குகிறோம். அறுந்த பிறகு வருந்திப் பயன் என்ன? புரி விட்ட கயிற்றை அன்றே வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். அது வீணாகுமே என்று எண்ண வேண்டாம். எடை தாங்காத கயிறு மிதி தாங்கும். வாசலுக்கு நல்ல கால்மிதியாகும்.

தேங்காய் நாரில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. ஆகவே அது ஈரத்தில் எளிதில் மட்குவதில்லை. சேற்றுக் காலைத் துடைக்க அதன் சொரசொரப்பும் ஏற்றது.

செய்முறை கடினமன்று. மட்கிய பகுதிகளை வெட்டி நீக்குக. பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ பட்ட கயிற்றை அறவே தவிர்க்க. மாட்டுக்கொட்டில் கயிற்றை ஓர் இரவு ஊறவைத்து, பலமுறை அலசி, வெயிலில் நன்கு உலர்த்துக. துண்டுகளின் முனைகளைச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, நூலால் இறுகச் சுற்றினால் நீண்ட கயிறு கிடைக்கும்.

இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள நீள்வட்ட மிதிக்கு, அரை அங்குலத் தடிப்புள்ள கயிறு சுமார் 60 அடி வேண்டும். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு 6 அங்குலம். கயிற்றின் நுனியை அவ்வளவுக்கு நேராக வைத்து, மடக்கி, அதனைச் சுற்றிச் சுற்றி வருக. ஒவ்வொரு சுற்றையும் முந்திய சுற்றோடு ஓரங்குலத்துக்கு ஒரு தையலாகக் கோணி ஊசியால் இணைக்க. ஈரம்படும் வாசலுக்கு நைலான் நூலே நீடிக்கும். பலகைமேல் தட்டையாக வைத்துத் தைப்பது முக்கியம். இழுத்துத் தைத்தால் மிதி கிண்ணம்போல் குழியும். தளர்த்தித் தைத்தால் ஓரம் அலை அலையாகும். முடிவில் கயிற்றின் முனையை அடிப்புறம் மடக்கித் தைத்துவிடுக.

நைலான் கயிற்றிலும் மிதி செய்யலாம். ஆனால் ஈரமான சிமெண்டுத் தரையில் அது வழுக்கும். முதியோர் நடக்கும் இடத்தில் போட வேண்டாம். வேண்டாத நைலான் கயிற்றைக் கொளுத்தவும் வேண்டாம். அதன் புகை நஞ்சு.

இனி, வருவாய் பற்றி ஒரு சொல். ஊரிலுள்ள பழங்கயிறு சில மாதங்களில் தீர்ந்துவிடும். ஆகவே இதை நம்பி மகளிர் குழுக்கள் கடன் வாங்குதல் தகாது. இது வீட்டுச் செலவைக் குறைக்கும். கைக்குப் பழக்கத்தையும் தரும். அதற்குமேல் தொழிலாகவே நடத்த விரும்புவோர் புதுக்கயிறு வாங்கி, முறையாகப் பயில வேண்டும். 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம், கேரளத்தில் ஆலப்புழையை அடுத்த கலவூரில் பயிற்சி நிலையம் நடத்தி வருகிறது. வாங்குவோர் உண்டா என்று அறிந்த பின்னரே முதல் போடுக.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி, அங்கன்வாடி, நூலகம், ஊராட்சி அலுவலகம் ஆகிய வாசல்களை எண்ணிப் பாருங்கள். அடுத்த கிராம சபைக்குள் வாசலுக்கு ஒன்றாகச் செய்து போடுவோம். அதற்குமுன், வீடுதோறும் கிணற்றுக் கயிற்றையும் பாரக் கயிற்றையும் இன்றே பிரித்துப் பார்ப்போம். நைந்தது தரைக்கு வரட்டும். உயிரை நம்பி விடும் இடத்தில் புதியது இருக்கட்டும்.