பத்து விரலும் யாருக்குச் சொந்தம்?

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசு மக்களைக் கண்காணிக்கிறது என்று சொன்னதும் பலர் கேட்பது இதுதான்: "மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? தப்புச் செய்யாதவனுக்கு என்ன அச்சம்?" நியாயமான கேள்வி. விடையை வரலாற்றிடமே கேட்போம்.

1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. மதுரை மாவட்டத்துக் கள்ளர் நாட்டு மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். ஆண்கள் விரல் ரேகையைப் பதிய வேண்டும். இரவில் காவலர் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அவர்கள் செய்த தப்பு என்ன? அந்தச் சாதியில் பிறந்தது! 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள்.

பிழைக்கப் போன இடத்திலும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906இல் அரசு ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. 8 வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும் ரேகை வைத்துப் பதிவுச்சீட்டு வாங்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது அதைக் காட்ட வேண்டும். காந்தியாரின் சத்தியாக்கிரகம் பிறந்தது அதை எதிர்த்துத்தான். 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி வாசலில் பதிவுச்சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் போரில் சிறை சென்றவர்களிலும் நாடு கடத்தப்பட்டவர்களிலும் தமிழர் ஏராளம். நம்மைப்போலப் பிழைப்புத் தேடிப் போனவர்கள்தான் அவர்களும்!

வெள்ளையன் போனான், பழக்கம் போனதா? உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர்மீது கொள்ளை வழக்குப் போட்டார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் போலீஸ் ஏட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. நள்ளிரவில் வந்து கதவைத் தட்டினார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் இரவில் தட்டுவது தவறு என்றது. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று சொல்ல மறுத்துவிட்டது. அதைச் சொல்ல இன்னும் 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

இப்போது விடை கிடைத்துவிட்டது, தோழர்களே! தப்புச் செய்தோமா என்பதல்ல கேள்வி. ஏடு யார் கையில் இருக்கிறது, அவரைத் தட்டிக் கேட்பவர் யார் என்பதே கேள்வி.

தொலைபேசியை ஒட்டுக்கேட்க உத்தரவிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவிலும் அதிகாரிகளே, நீதிபதி இல்லை. பெகாசஸ் என்னும் உளவுக் கருவி பற்றி 2021இல் புகார் எழுந்தது. உச்ச நீதிமன்றமே குழு அமைத்தும், ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்று அந்தக் குழு 2022இல் கூறியது. அதே 2022இல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டம், கைதானவரின் ரேகையோடு கருவிழியையும் பதிந்து 75 ஆண்டுகள் வைத்திருக்க வழி செய்கிறது. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தரும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கையிலேயே கொடுத்துவிட்டது. வேலியே பயிரை மேயலாம் என்று சட்டம் எழுதியது போல!

ஆதார் அட்டையைக் கிழித்தெறியச் சொல்ல நான் வரவில்லை. ஊர் அட்டையை வைத்து இங்கே ரேஷன் வாங்குவது நமக்குப் பெரிய வசதி. ஆனால் செங்கல் சுமந்து, பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலை இயந்திரம் அறியாது. ரேகை விழவில்லை என்பதற்காக அரிசியை மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத் துறையே 2017இல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. உழைத்துத் தேய்ந்த விரலுக்கு உணவில்லை என்றால் அது யாருடைய குற்றம்?

தாய்மார்கள் சில செய்திகளை மனதில் கொள்ளுங்கள். பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க ஆதார் கட்டாயமில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகை வீட்டுக்கோ வேலைக்கோ நகல் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு; ரேஷனுக்குப் போகும்போது திறந்துகொள்ளலாம். எதற்கென்று சொல்லாமல் விரலை வைக்கச் சொன்னால், "எதற்கு?" என்று கேளுங்கள். கேட்பது குற்றமல்ல, உரிமை!

அரசிடம் நாம் கேட்பது மூன்று. ரேகை விழாதவருக்கு மாற்று வழி ஒவ்வொரு கடையிலும் வேண்டும். ஒட்டுக்கேட்கும் உத்தரவு நீதிபதியின் கைவழியே போக வேண்டும். எதற்காக வாங்கிய விவரமோ, அதற்கு மட்டுமே அது பயன்பட வேண்டும்.

தனியாகப் போய்க் கேட்டால் அதட்டுவார்கள். சங்கமாகப் போனால் நாற்காலி போடுவார்கள். ரேஷன் மறுக்கப்பட்ட குடும்பங்கள், கடை எண்ணையும் தேதியையும் எழுதி நம் சங்கத்தில் கொடுங்கள். அனைவரும் சேர்ந்தே போவோம். பத்து விரலும் உழைப்பவனுக்கே சொந்தம்!