சுருதி பிடித்த கதை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சங்கீதக் கச்சேரிகளைப் பற்றிக் கொஞ்சம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டார். எங்கள் வகுப்பிலிருந்து பெரிய பாடகி எவரும் வரவில்லை. நாங்கள் பாட்டுக் கேட்கிற கூட்டம். ஆகவே கேட்ட கதைகளையே சொல்லுகிறோம்.

முதலில் ஒரு குழப்பம். யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகமும் கச்சேரிதான். எங்களில் ஒருத்தியின் தகப்பனார் "நாளைக்குக் கச்சேரிக்குப் போகவேணும்" என்று சொன்னாராம். பிள்ளை விடியவே பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு படலையடியில் நின்றுவிட்டாள். அழுகை தாங்காமல் கூட்டிக்கொண்டு போனார். காணி அலுவலுக்காக மத்தியானம் வரை வாங்கில் இருந்த பிறகு அவள் கேட்டாள்: "அப்பா, இவையள் எப்ப பாடத் தொடங்குவினம்?"

எங்களுக்கு உண்மையான கச்சேரி கோயில் திருவிழாவில்தான். உடுப்பிட்டியில் இருந்து செல்வச்சந்நிதிக்கு நடந்தே போய்வந்த தலைமுறை நாங்கள். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் எங்கள் மண்ணில் குறைவில்லை. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தபோது அவருக்கு வயது நாற்பத்தொன்றுதான். தமிழ்நாட்டு வித்துவான்களும் அவர் கைக்குத் தலைவணங்கினார்கள். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தைக் கேட்க ஊர் ஊராகப் போனவர்கள் எங்கள் வீடுகளிலும் இருந்தார்கள்.

அப்படியொரு மேளச்சமாவில் நாங்கள் செய்த குற்றத்தை இன்று ஒப்புக்கொள்கிறோம். முன்வரிசையில் இருந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய பச்சை மாங்காயைக் கடித்தோம். நாதஸ்வரக்காரர் உதட்டில் வைத்து ஊதுகிற சீவாளி நாணலில் செய்தது. வாயூறி அது நனைந்து ஊறினால் நாதம் கெட்டுப்போகும். எங்களுக்குப் பல் கூசியது, அவருக்கு வாயூறியது. இரண்டு முறை துடைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே குழலைக் கீழே வைத்து, தவில்காரருக்குக் கண்காட்டினார். தனித்தவில் கால்மணித்தியாலம் இடித்து முழங்கியது. முடிந்ததும் எங்களைப் பார்த்து, "பிள்ளையள், மாங்காய் முடிஞ்சுதோ? இனி நான் ஊதலாமோ?" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் மேளத்துக்கு முன்னால் கச்சான் கூடக் கொறித்ததில்லை.

கல்லூரி நாட்களில் வீணையும் எங்களைச் சிரிக்க வைத்தது. வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. இதை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. போட்டி ஒன்றுக்காகப் பங்குனி வெயிலில் வீணையைத் தட்டிவானின் மேலே கட்டிக்கொண்டு போனபோது படித்தோம். இறக்கிப் பார்த்தால் மெழுகு இளகி, மெட்டுகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன. அவளும் துணிந்து சங்கராபரணம் தொடங்கினாள். அது என்ன இராகம் என்று நடுவரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. "முயற்சி நன்று" என்று எழுதிக் கொடுத்தார்.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ஒட்டுகிற ரவையை ஆடு நக்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊரில் அது மண்டபத்துக்கு வெளியே, திரை தூக்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் நடந்தது. அன்று மிருதங்கம் வாசித்தவரின் இடக்கையில் சத்தம் இல்லை, முகத்தில்தான் இருந்தது.

1990க்குப் பிந்திய தடைக்காலம் உங்களுக்குத் தெரியும். மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை வானொலியோடு இணைத்து, கையால் மிதியைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டோம். முறைவைத்துச் சுற்றினோம். எங்களில் ஒருத்திக்குத் தாளஞானம் அதிகம். பாடகர் துரித காலத்தில் போனால் வேகமாகச் சுற்றுவாள், விளம்பத்துக்கு இறங்கினால் அவளும் மெல்லச் சுற்றுவாள். அதனால் எந்த விளம்பகாலக் கீர்த்தனையையும் நாங்கள் முழுதாகக் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவதையும் சிரிப்பாகத்தான் சொல்லி வந்திருக்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் மழைக்குள் இடம்பெயர்ந்தது. சில நாட்களில் எங்கள் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்தாள். கையில் வயலின் பெட்டி. எங்களுக்குப் பெரிய சந்தோசம். "ஒருக்கா வாசியுமன்" என்று சுற்றி நின்றோம். அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, ஒரு சரை அரிசி, தம்பியின் சட்டை இரண்டு.

"வயலின் எங்கை?"

"வீட்டில, கட்டிலுக்கு மேல. இந்தப் பெட்டிக்குள்ளதான் தண்ணி போகாது எண்டு அம்மா சொன்னவ."

ஒருத்தி அடக்கமுடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த தவணையில் சங்கீதச் செய்முறைப் பரீட்சை. அலுமாரியைத் திறந்தால் சுருதிப் பெட்டியின் துருத்தியை எலி கடித்திருந்தது. அழுத்தினால் ஆஸ்துமாக்காரர் போல இழுத்தது. ரீச்சர் ஒட்டுப் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. "சுருதி இல்லாமல் எப்பிடிப் பாடுறது?" என்று நாங்கள் நின்றபோது, வயலின் பெட்டிக்காரி கதவடியில் இருந்தபடி மெல்ல "ச" பிடித்தாள். அசையாத "ச". அவளுக்கு மூச்சு முடிகிற இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள், அவளுக்குப் பிறகு மற்றவள். ஐந்து பேர் மாறி மாறிப் பிடிக்க, இருபத்தெட்டுப் பேரும் பாடி முடித்தோம். வயலின் தொலைத்தவளிடம் சுருதி இருந்தது. அன்று எங்கள் வகுப்பில் ஒருத்தியும் பரீட்சையில் தவறவில்லை.

அந்த வயலின் பிறகு கிடைத்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். கிடைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது கட்டிலும் இல்லை.

நேற்றைய ஒத்திகையைப் பார்த்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். இப்போது சுருதி கைத்தொலைபேசியில் இருக்கிறது. வர்ணத்தின் நடுவில் ரொறன்ரோவிலிருந்து மகனின் அழைப்பு வந்தது. சுருதி நின்றது, ஒலிபெருக்கியில் "அம்மா, சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டது. மண்டபம் சிரித்தது. பாடிய தங்கைமார் திகைத்து நின்றார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு "ச" எழுந்தது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அசையவில்லை. திரும்பிப் பார்க்காமலே யாரென்று எங்களுக்குத் தெரிந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வந்திருக்கிறாள். அவளுக்கு மூச்சு முடிகிற இடத்தில் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறோம். நூற்றாண்டு நிதியில் இசையறைக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். வீணைக்குப் புது மெழுகு வைக்கவேணும். ஒரு வயலினும் வாங்கவேணும், பெட்டியோடு. சுருதிப் பெட்டிக்கு அவசரமில்லை. நாங்கள் இருக்கிறோம்.