இரண்டு போத்தல் விளக்குகள்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் பேச்சாளன் இல்லை. ஏ.எல். வரைதான் படிச்சனான். டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். பிள்ளைகள் செய்யும் லாவா விளக்கைத் திருத்துவது பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதோடு எங்கட ஜாம் போத்தல் விளக்கையும் சேர்த்துச் சொல்லுறன்.

கடை லாவா விளக்கை 1963இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு விட்டவர் எட்வேர்ட் கிறேவன் வாக்கர். அடியில் எரியும் மின்குமிழின் சூட்டில் மெழுகு விரிந்து மேலே போகும், ஆறினதும் இறங்கும். வீட்டில் செய்வது வேறு. போத்தலில் கால்வாசி நிறத்தண்ணீர், அதற்கு மேல் சமையல் எண்ணெய், பிறகு நுரைக்கும் குளிசை. தண்ணீரில் குளிசை கரைய காபனீரொட்சைட்டு வரும். அந்தக் குமிழிகள் நிறத்தண்ணீரை மேலே தூக்கும். அங்கே உடைய, தண்ணீர் திரும்ப விழும்.

ஆட்டம் நின்றால் விளக்கு பழுதில்லை. இன்னொரு குளிசைத் துண்டு போட்டால் காணும். கலங்கினால் ஒரு இரவு அசையாமல் வைத்து, தெளிந்த எண்ணெயை வேறு போத்தலுக்கு இறுத்து, தண்ணீரை மாற்றுங்கோ. எண்ணெயை சிங்கில் ஊத்த வேண்டாம். நுரைக்கும்போது மூடியை இறுக்கினால் போத்தல் வெடிக்கும். கடை விளக்கை அடுப்பில் வைக்கவே கூடாது. 2004இல் அமெரிக்காவில் அப்படிச் சூடாக்கிய ஒரு இளைஞர், விளக்கு வெடித்து இறந்தார்.

இனி எங்கட விளக்கு. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. அரிக்கன் லாம்புக்கு எண்ணெய் கட்டாது. சனம் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்ச எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ளால் நூல்திரி கோத்து எரிச்சது. பஞ்சு எண்ணெயைப் பிடித்து வைக்கும், கண்ணாடி காற்றை மறைக்கும். கரி பிடித்தால் சாம்பல் போட்டுத் துடைப்போம். திரி கருகினால் நுனியை நுள்ளி விடுவோம். எண்ணெய் விட முதல் அணைத்து, போத்தலை ஆறவிட வேணும்.

1998இல் புதுக்குடியிருப்பில் இடம்பெயர்ந்து இருந்தபோது, புலமைப்பரிசில் சோதினைக்கு நான் படிச்சது அந்த வெளிச்சத்தில்தான். "காணும் ராசா, எண்ணெய் முடியுது" என்று அம்மா சொல்லுவா.

நாட்டின் மற்றப் பகுதிகளிலும் ஏழை வீடுகளில் போத்தல் விளக்குத்தான். அது சரிந்து, எண்ணெய் கொட்டி, எத்தனையோ பேர் எரிகாயப்பட்டார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்து 1992இல் 'சுதீப' விளக்கை அமைத்தார். குட்டை, பாரம், இரண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. லேசில் சரியாது, சரிந்தாலும் உருளாது. 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது.

என்ர மகள் கேட்டாள், "அப்பா, ஏன் நீங்கள் லைற்றைப் போடேல்லை?" என்று. அவள் கேட்டது பிழையில்லை. நாங்கள் சொல்லாவிட்டால் அவளுக்கு ஆர் சொல்லுவினம்? ஆனபடியால் பெற்றோரே, பிள்ளை போத்தலும் எண்ணெயுமாக வந்து இருக்கேக்க, போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கோ. மண்ணெண்ணெய் விளக்கை இங்கே கொளுத்திக் காட்ட வேண்டாம். கதையைச் சொல்லுங்கோ, அது போதும்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.