அடுக்கி வைக்கும் கலை

கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று ஆறாம் வகுப்பில் ஒப்பித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆதியிலிருந்தே இருந்துவரும் பாகுபாடு போல அது தோன்றும். உண்மையில் அந்த வரிசைக்கு ஏறக்குறைய இருநூறு வயதுதான். பிறந்த ஊர், டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகன். அதை வகுத்தவர் பேராசிரியர் அல்லர். பழங்காசு சேர்ப்பதில் பித்துக்கொண்ட ஒரு வணிகரின் மகன். பெயர் கிறிஸ்டியன் யூர்கென்சன் தாம்சென்.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் லூவர் போன்ற பெரிய கலைக்கூடங்களைத் தவறவிடுவதில்லை. ஒரு நாட்டின் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் என்றால் மட்டும், 'அவர்கள் கதை நமக்கு எதற்கு?' என்று கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தேசம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்பது அங்கேதான் தெரியும். பொருள்களை அடுக்கிக் கதை சொல்வதும் ஒரு கலை. அந்தக் கலையை எடைபோட, அது உருவான கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1816இல் அங்குள்ள சேகரிப்புக்குத் தாம்சென் பொறுப்பேற்றபோது அவர் முன்னால் கிடந்தது ஒரு குவியல். கல் கோடரி, வெண்கல வாள், துருப்பிடித்த இரும்பு, உடைந்த பானை. எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல எழுத்துச் சான்று கிடையாது. அவர் கவனித்தது, ஒரே கல்லறையில், ஒரே குழியில் எவையெல்லாம் சேர்ந்து கிடந்தன என்பதை. ஒரு வகைப் பானை எந்த உலோகத்தோடு வருகிறது, ஒரு வகைக் கோலம் எந்த ஆயுதத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தார். 1819இல் ஒரு தேவாலயத்தின் மேல்மாடியில் காட்சிக்கூடம் மக்களுக்குத் திறந்தது. வந்தவர்களுக்கு அவரே சுற்றிக் காட்டினார். குடியானவர்கள் வந்தால் அவருக்குத் தனி மகிழ்ச்சி; ஏர் ஓட்டுகிறவர் கையில்தானே அடுத்த புதையல் அகப்படும்! 1836இல் இந்த முறையை விளக்கி ஒரு கையேடும் வந்தது. 1863இல் நம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையில் எடுத்து, இது ஆதிமனிதன் செதுக்கிய கருவி என்று சொல்ல முடிந்ததற்கு, ஐரோப்பாவில் அதற்குள் வேரூன்றிவிட்ட இந்தக் காலப் பகுப்பும் ஒரு காரணம்.

இன்று அருங்காட்சியகம் இருப்பது 18ஆம் நூற்றாண்டில் கட்டிய ஓர் இளவரசர் மாளிகையில். தொல்பழங்காலப் பகுதி தரைத்தளத்தில். நேரம் குறைவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம்; அவ்வளவு நேர்த்தி.

முக்கியமாக எக்ட்வெட் பெண். கி.மு. 1370 வாக்கில், ஒரு கோடையில், கருவாலி மரத்தைக் குடைந்த பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டவள். வயது பதினாறிலிருந்து பதினெட்டுக்குள். கோடை என்று எப்படித் தெரியும்? பெட்டிக்குள் ஒரு காட்டுப்பூ இருந்தது. மண்ணின் அமிலம் எலும்பைக் கரைத்துவிட்டது. கூந்தல், பல், நகம், கம்பளி உடை மிஞ்சின. கயிறு கயிறாகத் தொங்கும் குட்டைப் பாவாடை, இடுப்பில் சுருள் வேலைப்பாடு கொண்ட வெண்கல வட்டு, காலடியில் தேன் கலந்து புளிக்கவைத்த பானம் இருந்த மரப்பட்டைக் கலயம். கூடவே எரித்த ஒரு சின்னக் குழந்தையின் எலும்புகள். 2015இல் பல்லையும் முடியையும் சோதித்து, இவள் தென்ஜெர்மனிப் பக்கம் பிறந்தவளாக இருக்கலாம் என்றார்கள். 2019இல் வேறு ஆய்வாளர்கள், வயலில் போட்ட சுண்ணாம்பு உங்கள் கணக்கைக் கெடுத்திருக்கிறது, அவள் உள்ளூர்க்காரியாகவே இருக்கலாம் என்றார்கள். தேசிய அருங்காட்சியகத்தின் செல்லப் பெண் 'நம்மவளா, அந்நியளா' என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. இதை நான் குறையாக எண்ணவில்லை.

அதே தளத்தில் சூரியத் தேர். 1902இல் டிரண்ட்ஹோம் சதுப்பு நிலத்தை உழுதபோது கிடைத்தது. வெண்கலக் குதிரை ஒன்று வட்டத்தை இழுக்கிறது. வட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் தங்கத் தகடு; மறுமுகம் இருட்டு. பகலில் போகும் சூரியனும், இரவில் திரும்பும் சூரியனும் என்று விளக்குகிறார்கள். எழுத்தறியாத ஒரு சமூகம் வானத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருப்பதைப் பார்க்கத் தேரைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

அங்கே காட்சிக்கு உள்ள பொற்கொம்புகள் இரண்டும் அசல் அல்ல. அசலை 1802இல் ஒரு பொற்கொல்லர் திருடி உருக்கிவிட்டார். பிரதிகளைக் கூட 2007இல், வேறோர் ஊரில் காட்சிக்கு வைத்திருந்தபோது, திருடர்கள் விட்டுவைக்கவில்லை; நல்லவேளை, மீட்டுவிட்டார்கள்.

1660க்குப் பிந்தைய டென்மார்க்கைச் சொல்லும் பகுதி எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. வீட்டுப் பரண் போல எல்லாமும் இருக்கிறது. ஆனாலும் கோபன்ஹேகனின் கிறிஸ்டியானியா குடியிருப்பில் கஞ்சா விற்ற பெட்டிக்கடை ஒன்றை வரலாற்றுச் சான்றாக எடுத்து வைத்தவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுக்கிக் கதை சொல்லும் இந்தக் கலைக்குக் கடினமான சோதனை குடியேற்ற வரலாறுதான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் டேனியர். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கரீபியனில் அவர்கள் வைத்திருந்த தீவுகளை 1917இல் அமெரிக்கா வாங்கியது. அடிமை வணிகத்துக்கு 1792இலேயே தடை ஆணை போட்டவர்கள் என்ற பெருமை டேனியருக்கு உண்டு. ஆணை அமலுக்கு வந்தது 1803இல். அத்தீவுகளில் அடிமை முறையே ஒழிந்தது 1848இல். தீவுகள் கைமாறி நூறாண்டு நிறைந்த 2017இல் திறந்த குடியேற்றப் பகுதி, ஆளுநர்களை ஓரங்கட்டி, அந்த ஆட்சிக்குள் வாழ்ந்த தனிமனிதர் வழியாகக் கதை சொல்ல முயல்கிறது. தரங்கம்பாடியும் அதில் வருகிறது. முயற்சி நேர்மையானது. தாம்செனின் வரிசையில் இருக்கும் தெளிவு இங்கே இல்லை, இருக்கவும் முடியாது.

கதை சொல்வதோடு நிற்காமல், பொருள்களைத் திருப்பிக் கொடுக்கவும் செய்திருக்கிறார்கள். கிரீன்லாந்துக்கு மட்டும், 1980களில் தொடங்கி 2001 வரை, ஏறத்தாழ 35,000 பொருள்கள் திரும்பிப் போயின. சண்டையில்லாமல், இரு நாட்டு ஆய்வாளரும் உட்கார்ந்து பங்கிட்டார்கள். 2024இல் பிரேசில் நாட்டுத் துப்பினம்பா மக்களின் செந்நிற இறகு அங்கி ஒன்று ரியோவுக்குப் போனது. 1689 முதல் கோபன்ஹேகன் பட்டியலில் இருந்த பொருள் அது. 2018இல் தீயில் எரிந்துபோன பிரேசில் தேசிய அருங்காட்சியகத்துக்கு அதன் மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. அதே வகை அங்கிகள் இன்னும் சில கோபன்ஹேகன் வசம் இருக்கின்றன.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது; பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பேழையிலுள்ள பொருளைப் பார்த்த பிறகு குறிப்பு அட்டையையும் படியுங்கள். என்ன பொருள், எந்தக் காலம் என்பதோடு, யார் கையிலிருந்து வந்தது என்ற வரியும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.