ஓட முடியாத அத்தை



"உடல் குறை உள்ளவங்க தொழில் மாறட்டும், வேண்டாங்கலை. ஆனா குழந்தைகள் காப்பகத்துக்கு மட்டும் வரவேண்டாம்"னு எதிரணி அண்ணன் சொன்னார். "குழந்தை ரோட்டுக்கு ஓடினா இவங்களால ஓடிப் பிடிக்க முடியுமா?"ன்னு கேட்டார். முடியாதுங்க. 1981ல, ரெண்டு வயசுல எனக்குப் போலியோ. இடது காலில் காலிப்பர். ஆனா ஒண்ணு கேட்கிறேன். பிள்ளை ரோடு வரைக்கும் ஓடுற மாதிரி கதவைத் திறந்து போட்டிருக்கிற காப்பகத்துல, பி.டி. உஷாவையே வேலைக்கு வச்சாலும் உங்க பிள்ளையை விடுவீங்களா? (பலத்த கைதட்டல்)

நான் திருப்பூரில் பதினாலு வருஷம் பனியன் கம்பெனி டெய்லர். ஓவர்லாக் மெஷின். "உட்கார்ந்து செய்யற வேலைதானே, அதை ஏன் விட்டே?"ன்னு சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. உட்கார்ந்து பத்து மணி நேரம் ஒத்தைக் காலால பெடல் மிதிச்சுப் பாருங்க, தெரியும். போலியோ வந்து பல வருஷம் கழிச்சு தசை மறுபடியும் தளர்றது உண்டு, நடுவர் அவர்களே. நாற்பது தாண்டினதும் என் நல்ல காலும் கெஞ்ச ஆரம்பிச்சுது.

குழந்தைப் பராமரிப்புக்குப் பயிற்சி முடிச்சேன். முதல்ல போன இடத்தில் சர்டிபிகேட்டைப் பார்க்கலை, காலைப் பார்த்தாங்க. "அம்மாக்கள் பயப்படுவாங்க"ன்னாங்க. ரெண்டாவது இடத்தில் ஒரு அம்மா, "ஒரு வாரம் வா கண்ணு, பார்க்கலாம்"னாங்க. வந்தேன், இருக்கேன். சம்பளம் தையலை விடக் குறைவுதான், அதையும் சொல்லிடறேன்.

ஒரு வயசுப் பிள்ளை ஒன்பது, பத்து கிலோ இருக்கும். அதைத் தூக்கிட்டு நடக்கிறது எனக்கு ஆகாது. இதை மறைச்சு வேலைக்குச் சேர்ந்தா அது பிள்ளைக்குச் செய்யற துரோகம். அதனால கைக்குழந்தைகளை இன்னொரு பொண்ணு பார்க்கிறா. ரெண்டு வயசுக்கு மேல என் பொறுப்பு. நான் பாயில உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் என்கிட்ட வரும். டம்ளரை அதுகளே எடுக்கும், செருப்பை அதுகளே மாட்டும். நான் எழுந்து போய் எடுத்துத் தரமாட்டேன்னு அதுகளுக்குத் தெரியும். (சிரிப்பு) மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ல சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. குழந்தை தன் வேலையைத் தானே செய்யணும்னுதான் அவங்களும் சொன்னாங்க. அவங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சாங்க, எனக்குக் காலிப்பர் சொல்லிக் கொடுத்துச்சு!

காலிப்பரைத் தட்டிப் பார்த்து ஒருத்தன், "அத்தை, நீ ரோபோவா?"ன்னான். ஆமான்னுட்டேன். அன்னையிலிருந்து என் பேச்சை மீறுறதில்லை.

"ஆபத்துன்னா?"ன்னு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கமாட்டேன். கைக்குழந்தைக்குத் தொண்டையில ஏதாவது அடைச்சா, தலை தாழ்ந்த மாதிரி முன்கையில குப்புறப் போட்டு, முதுகில ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால 5 தட்டு. வரலைன்னா மல்லாத்தி நெஞ்சில 5 அழுத்து. இதை உட்கார்ந்தே செய்யலாம். தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். தீ விபத்துன்னா கைக்குழந்தைகளை வெளியே கொண்டுபோகச் சக்கரம் வச்ச தொட்டில் வேணும், கூட இன்னொரு ஆள் வேணும். அது ரெண்டு காலும் நல்லா இருக்கிறவங்களுக்கும் வேணும்தானே? ஒருத்தரால நாலு பிள்ளையைத் தூக்க முடியுமா?

அரசு வேலையில 1995 சட்டம் எங்களுக்கு 3 சதவீதம் ஒதுக்குச்சு, 2016 சட்டம் அதை 4 ஆக்குச்சு. தெருமுனைக் காப்பகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. அங்கே என்னைச் சேர்க்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது பிள்ளையை விட வர்ற அம்மாதான். 50 பேருக்குக் குறையாம வேலை செய்யற இடத்தில் காப்பகம் வேணும்னு 2017ல சட்டத் திருத்தம் வந்துச்சு. அப்போ இந்த வேலைக்கு ஆள் தேவைதானே?

நடுவர் மணியைத் தொட்டுட்டார். தாய்மார்களே, நாளைக்கு ஒரு காப்பகத்துக்குப் போனா, "கதவுத் தாழ்ப்பாள் எந்த உயரத்துல இருக்கு? ஒரு நேரத்துல எத்தனை பெரியவங்க இருப்பீங்க? முதலுதவி யாருக்குத் தெரியும்?"னு கேளுங்க. பதில் சரியா இருந்தா, அப்புறம் என் காலைப் பத்தியும் கேளுங்க, சொல்றேன். (கைதட்டல்)